கண்டது, கணித்தது

ஆகஸ்ட். அதிகாலை மூன்று நாற்பது.
அடகாமா பாலைவனம் ஒருமுறை புரண்டு படுத்தது.
ஆறு புள்ளி ஒன்று. எங்கள் பக்கத்துக் கணக்கில் கொட்டாவி.
பார்வையாளர் கூடத்தில் இரண்டு சட்டங்கள் விழுந்தன,
கூடவே, பசையில் ஒட்டியிருந்த இரண்டு தகரப் பட்டைகள்.
மின்சாரம் போயிற்று.

யஸ்னா கொல்கே டார்ச்சோடு என்னை எழுப்ப வந்தாள்.
கூடத்தைத் துடைப்பவள், பூட்டுபவள்,
ஆணி அடிப்பவளும் அவள்தான்.
உள்ளங்கையில் பட்டைகள்:
'கண்டது'. 'கணித்தது'.
பத்து மணிக்குக் கலாமாவிலிருந்து பள்ளிக்கூடப் பேருந்து வரும்.
எது எதற்கு, டாக்டர்?

சிரித்துக்கொண்டே போனேன்.
பெற்றவனுக்குத் தெரியாதா பிள்ளையை?
இரண்டில் ஒன்று நான் செய்தது.
சாந்தியாகோவில், ஒரு நிலவறை நிறைய எந்திரங்களில்,
நாற்பத்தோரு நாள்
இரண்டு விண்மீன் கூட்டங்களை மோதவிட்டு
வால் நீண்டு கிழிகிற கணத்தில் நிறுத்தி எடுத்தது.
மற்றது இந்த மலையின் ஒன்பது இரவுகள்.

டார்ச் வட்டம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தது.
திரும்பி வந்தது.
மறுபடி போனது.

என்னுடையது முதலில் மழுமழுவென்று இருந்தது,
யாரும் நம்பவில்லை.
அதனால் அழுக்காக்கினோம்:
காற்றின் நடுக்கம், கொஞ்சம் தூசு, செத்த பிக்சல் நான்கு,
குறுக்கே ஒரு செயற்கைக்கோள் கிழித்த கோடு.
வானத்தினுடையதைக் குளிப்பாட்டினோம்:
கோடுகளை அழித்தோம், இரைச்சலை வழித்தோம்,
கண் அறியாத ஓர் அலைநீளத்துக்குக்
குழு கூடி, ஓட்டெடுத்து, செம்பழுப்பு கொடுத்தோம்.
ஐந்துக்கு நான்கு.
நான் ஊதாவுக்குக் கை தூக்கியவன்.
கடைசியில் இரண்டும்
ஒரே கடையில் துணி எடுத்த சம்பந்திகள்போல் நின்றன.

இடப்பக்கத்துப் படத்தில் மங்கலாய் ஒரு கோடு தெரிந்தது.
நாங்கள் இழுத்ததா,
அழிக்க மறந்ததா?

இதுவாகத்தான் இருக்கும் என்றேன்.
'இருக்கும்' என்றால்?

வெளியே வந்தோம். கீழே ஊரும் இருண்டிருந்ததால்
வானம் கூச்சமில்லாமல் இறங்கி நின்றது.
சிற்பி மண்டலத்தை நோக்கி விரல் நீட்டினேன்.
அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே.
ஒன்றும் இல்லையே என்றாள்.
எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.
பதினாறு வருஷமாக
அந்த ஒன்றுமில்லாததில்தான் எனக்குச் சம்பளம்.

குளிரில் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு
அவள் மெல்ல ஆரம்பித்தாள்:
முந்தின வருஷம் சுவருக்கு வெள்ளையடித்தார்கள் இல்லையா,
திரும்ப மாட்டினவள் நான்.
பட்டை தனியாகக் கிடந்தது.
கேட்க ஆளில்லை, நீங்களெல்லாம் பகலில் தூங்குகிறீர்கள்.
எது அழகாக இருந்ததோ
அதன் கீழே 'கண்டது' ஒட்டினேன்.

ஆறேகாலுக்கு மின்சாரம் வந்தது.
கோப்பைத் திறந்தேன். எண்களுக்கு நாணமில்லை.
அவ்வளவு காலமும்
பள்ளிப் பிள்ளைகளை, ஓர் அமைச்சரை,
போன டிசம்பரில் கொன்செப்சியோனிலிருந்து வந்த என் தங்கையை
என் எந்திரத்தின் முன்னால் நிறுத்தி
"இந்த ஒளி கிளம்பியபோது மனிதனே இல்லை"
என்று சொல்லியிருக்கிறேன்.
சொல்லும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.
தண்ணீர் குடிப்பதுபோல் திரும்பிக்கொள்வேன்.
பொய்யின் முன்னால் மெய் சிலிர்த்திருக்கிறது.
அந்தச் சிலிர்ப்பு
எந்தப் பட்டையின் கீழ் வரும்?

யஸ்னா ஏணியில் ஏறிவிட்டாள், வாயில் ஆணி.
வானத்தின் படத்தில்தான் கண்ணாடி விரிசல்,
மூலைக்கு மூலை.
புதுக் கண்ணாடி சொன்னால் வர ஒரு வாரம் ஆகும்.
தொங்கட்டும் என்றேன்.
பிள்ளைகள் கேட்பார்களே என்றேன், பிறகு நானே.

ஆணியை எடுத்துவிட்டுச் சொன்னாள்:
மற்றதையெல்லாம் நீங்கள் பார்த்துப் பேசுங்கள்.
விரிசலைக் கேட்டால் மட்டும்
தயங்காமல் சொல்லலாம்,
இன்றைக்கு விடியுமுன், மூன்று நாற்பது.